ரோமானிய நாணயம் சேகரிப்போர் கேள்வி பதில்

கேள்வி: சார், புதிதாக ஆரம்பிக்கிறேன். எதை முதலில் வாங்கலாம்?

பதில்: நான்காம் நூற்றாண்டு வெண்கலக் காசுகள். நிறையக் கிடைக்கும், விலையும் குறைவு. பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்தில் இரண்டு படைவீரர்கள் நிற்கும் வகை ஒன்று உண்டு. நடுவில் இரண்டு கொடிக்கம்பம் இருந்தால் கி.பி. 330-ஐ ஒட்டியது. ஒன்றுதான் என்றால் சுமார் 335-க்குப் பிறகு வந்தது. அடியில் உள்ள எழுத்துகள் நாணயச்சாலையைச் சொல்லும். 'கான்ஸ்' என்று பார்த்ததும் கான்ஸ்டன்டினோபிள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இன்றைய பிரான்சில் உள்ள ஆர்ல் நகருக்கும் அப்போது கான்ஸ்டன்டினா என்று பெயர் வைத்திருந்தார்கள். நாணயச்சாலையின் எந்தப் பட்டறை என்று காட்டும் எழுத்து முன்னால் வந்தால் ஆர்ல், பின்னால் வந்தால் கான்ஸ்டன்டினோபிள்.

கேள்வி: பச்சை படிந்திருக்கிறது. எலுமிச்சைச் சாற்றில் ஊறவைக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். கெட்டியான, வழவழப்பான பச்சைதான் காசைக் காக்கும் தோல். அமிலம் அதை அரித்துவிடும். வெளிர்பச்சைப் பொடியாக உதிர்ந்து, துடைத்தாலும் திரும்ப வந்தால் அது வெண்கல நோய். உலோகத்தில் உள்ள குளோரைடு ஈரக்காற்றோடு சேர்ந்து செய்யும் வேலை. அந்தக் காசைத் தனியாக எடுத்து, சிலிக்கா ஜெல்லோடு உலர்வாக வையுங்கள். மண்ணை அகற்ற டிஸ்டில்டு வாட்டர் போதும்.

கேள்வி: வினிகர் பரவாயில்லையா?

பதில்: அதுவும் அமிலம்தான். மேலே படியுங்கள்.

கேள்வி: பேரரசர் நீரோவின் டெனாரியஸ் (வெள்ளிக் காசு), 2.6 கிராம். ஓரத்தில் வெள்ளி உரிந்து செம்பு தெரிகிறது. போலியா?

பதில்: போலிதான், ஆனால் பெரும்பாலும் அந்தக் காலத்துப் போலி. 64-இல் நீரோ எடையைக் குறைத்த பிறகும் ஒரு டெனாரியஸ் சுமார் 3.4 கிராம் இருந்தது. செம்புத் துண்டின் மேல் வெள்ளித் தகட்டைச் சுற்றி அச்சடித்திருப்பார்கள். பத்திரமாக வையுங்கள்.

இன்னொருவர்: கள்ளக் காசை எதற்குப் பத்திரப்படுத்த வேண்டும்? தூக்கி எறியச் சொல்லுங்கள்.

பதில்: ஏன் எறிய வேண்டும்? அதுவும் கடைத்தெருவில் கைமாறிய பணம். இப்படிப்பட்ட காசுகளுக்குப் பயந்துதான் அன்றைய நாணயமாற்றுக்காரர்கள் காசைக் கீறிப் பார்த்தார்கள். அந்தக் கீறலும் வரலாறுதான்.

அவரே: அரசின் காசும் கள்ளக் காசும் ஒன்றாகிவிடுமா?

பதில்: ஆகாது. ஆனால் அரசின் வெள்ளியையும் பாருங்கள். 215-இல் பேரரசர் காரகல்லா கொண்டுவந்த அன்டோனினியானஸ் என்ற காசு இரண்டு டெனாரியஸ் மதிப்பில் புழங்கியது. அதில் இருந்த வெள்ளியோ ஒன்றரை டெனாரியஸ் அளவுதான். 270 வாக்கில் அது வெள்ளி பூசிய செம்பு மாதிரி ஆகிவிட்டது. இந்தச் சரிவைப் புரிந்துகொள்ள இரண்டு வகைக் காசும் வேண்டும். நீங்கள் எறிய வேண்டியது உலோகத்தை உருக்கி வார்த்த இன்றைய போலியை. விளிம்பில் ஒட்டுக்கோடு, பரப்பில் குமிழிக் குழிகள், மழுங்கிய எழுத்து, இவற்றை லென்ஸில் தேடுங்கள்.

கேள்வி: என் காசு என்ன விலை போகும்?

பதில்: விலை நான் சொல்வதில்லை. அதே வகைக் காசு ஏலத்தில் எவ்வளவுக்குப் போனது என்று பாருங்கள்.

கேள்வி: ஐயா, இதன் விலை?

பதில்: மேலே சொன்னதுதான்.

கேள்வி: பழைய காசுகளை மண்ணோடு மொத்தமாக விற்கிறார்களே, வாங்கலாமா?

பதில்: எங்கிருந்து வந்தது என்று ஆவணம் காட்டினால் யோசியுங்கள். இல்லையென்றால் வாங்காதீர்கள். யாரோ திருட்டுத்தனமாகத் தோண்டியதாக இருக்கலாம். மண்ணின் எந்த அடுக்கில், எதோடு கிடந்தது என்ற தகவல் அங்கேயே அழிந்துபோயிருக்கும். அப்புறம், வாங்கிய பிறகு எலுமிச்சை பக்கம் போகாதீர்கள்.