கேள்வி–பதில்: உலைக்குப் போய்வந்த நிக்கல் பூச்சில் துரு

கே: எஃகு பம்ப் ஷாஃப்டில் 11% பாஸ்பரஸ் உள்ள எலக்ட்ரோலெஸ் நிக்கலை (மின்சாரமில்லாமல் வேதிவினையால் படியும் முலாம்) 25 மைக்ரான் ஏற்றி, 400 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் சுட்டோம். கடினம் 520 விக்கர்ஸிலிருந்து 930 ஆனது. ஆனால் உப்புநீரில் புள்ளி புள்ளியாகத் துரு. முலாம் தொட்டியில் கோளாறா?

ப: தொட்டியைவிட உலை மேல்தான் சந்தேகம் அதிகம். பாஸ்பரஸ் 10 சதவீதத்தைத் தாண்டிய பூச்சில் படிக அமைப்பு இல்லை. அரிப்பு தொற்றிக்கொள்ளப் படிக எல்லைகளும் இல்லை. 330 டிகிரி வாக்கில் அது நிக்கலாகவும் நிக்கல் பாஸ்பைடாகவும் பிரிகிறது. உங்களுக்குக் கிடைத்த கடினம் அந்தப் பாஸ்பைடு தந்தது. கூடவே பூச்சு சுருங்கி, மயிரிழை விரிசல் விடுகிறது. நிக்கல், துத்தநாகத்தைப் போலத் தான் கரைந்து எஃகைக் காக்காது. விரிசல் அடிவரை இறங்கினால் அங்கே எஃகுதான் முதலில் அரிக்கும்.

ஒரு சோதனையில் உறுதி செய்யலாம். லிட்டர் நீரில் 25 கிராம் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு, 15 கிராம் உப்பு கரைத்து, ஷாஃப்டை 30 விநாடி முக்கிக் கழுவுங்கள். நீலப் புள்ளி வந்த இடத்தில் எஃகு வெளியே தெரிகிறது. சுடும் முன்பே புள்ளி வந்தால் தொட்டியோ, சொரசொரப்பான அடிப்பரப்போ காரணம். சுட்ட பிறகு மட்டும் வந்தால் உலை.

அரிப்பு மட்டுமே பிரச்சினை என்றால் கடினமாக்கவே வேண்டாம். தேய்மானமும் இருந்தால் 260 டிகிரியில் 20 மணி அல்லது 285இல் 16 மணி சுட்டு, தடிமனை 50 மைக்ரானாக்குங்கள். விரிசல் குறையும், அறவே நிற்காது. 400ஐத் தாண்டுவதில் லாபமில்லை. படிகங்கள் பெருத்துக் கடினம் இறங்கத் தொடங்கும். ஷாஃப்டை முன்பு 200 டிகிரியில் டெம்பர் (கடினமாக்கிய எஃகை மீண்டும் சுட்டுப் பதப்படுத்துவது) செய்திருந்தால், 400 என்பது பூச்சின் அடியிலுள்ள எஃகையும் மென்மையாக்கிவிடும். மெத்தென்ற அடிமேல் கடினப் பூச்சு, பாரம் விழுந்தால் நொறுங்கும்.

கே: கடினமாக்காவிட்டால் சுடவே வேண்டாமா?

ப: உறுதி மிகுந்த எஃகென்றால் வேண்டும். முலாம் பூசும்போது புகுந்த ஹைட்ரஜன் வெளியேறாவிட்டால் பின்னாளில் பாரத்தில் திடீரென முறியும். பூசிய மூன்று மணி நேரத்துக்குள் 190–200 டிகிரியில் வையுங்கள். எஃகு எவ்வளவு உறுதியோ அவ்வளவு நீண்ட நேரம். இந்தச் சூட்டில் அரிப்பெதிர்ப்பு கெடாது.

கே: உலையிலிருந்து நீலமும் பழுப்புமாக வருகிறது.

ப: 250 டிகிரிக்கு மேல் காற்று பட்டால் படியும் மெல்லிய ஆக்சைடு அது. தேய்மானத்துக்குக் கெடுதலில்லை. பளபளப்பு வேண்டுமென்றால் வெற்றிட உலை அல்லது ஆர்கான். கைரேகையும் எண்ணெயும் இருந்தால் கறை தனியாகப் படியும். கழுவி உலர்த்தியபின் ஏற்றுங்கள்.