34 சதவீத உயர்வுக்கு 'வேண்டாம்' என்று யார் ஓட்டுப் போடுவார்கள்?

அமெரிக்க விமானிகளின் சங்க ஒப்பந்தங்கள் பற்றி வாசகர்கள் கேட்டவையும் எங்கள் பதில்களும்.

கே: 2023-ல் டெல்டா ஏர்லைன்ஸ் விமானிகளுக்கு 34 சதவீதச் சம்பள உயர்வு என்று செய்தி வந்தது. வருடவாரியாகப் பார்த்தால் 18, 5, 4, 4. கூட்டினால் 31தானே? (திருச்சி வாசகர்)

ப: ஒவ்வொரு உயர்வும் அதற்கு முந்தைய உயர்வோடு சேர்ந்த தொகையின் மேல் கணக்காகிறது. மணிக்கு 100 டாலர் வாங்கியவர் கையெழுத்தான அன்று 118-க்குப் போவார். அடுத்து 123.90, பிறகு 128.86, கடைசியில் 134.01. அதுதான் அந்த 34.

ஆனால் அவர்களின் முந்தைய ஒப்பந்தம் 2019 இறுதியிலேயே திருத்தத்துக்கு வந்துவிட்டது. நடுவில் கொரோனா. காத்திருந்த 3 ஆண்டுகளையும் புதிய ஒப்பந்தத்தின் 4 ஆண்டுகளையும் சேர்த்து 7-ஆல் பரப்பினால், ஆண்டுக்கு 4.3 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. தலைப்புச் செய்தி காட்டிய பிரமாண்டம் இந்தக் கணக்கில் இல்லை. அப்படியும் அவர்கள் 78 சதவீத ஆதரவோடு அதை ஏற்றார்கள். ஏற்றது சரி என்பதே எங்கள் கருத்து.

கே: அப்படியிருக்க 2022-ல் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானிகள் தங்கள் சங்கமே பேசி முடித்துக் கொண்டுவந்த ஒப்பந்தத்தை ஏன் தூக்கி எறிந்தார்கள்? (சேலம்)

ப: எதிர்த்தவர்கள் சுமார் 94 சதவீதம். சம்பள உயர்வு 14 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். விலைவாசி ஏறிய வேகத்துக்கு அது போதவில்லை. அதைவிடக் குடைந்தது வேலை விதிகள்தான். யுனைடெட்டில் அந்தக் காலத்தில் அறிவிக்கப்பட்ட கேப்டன் இடங்களில் ஏறக்குறைய பாதி, ஏற்க ஆளில்லாமல் காலியாகக் கிடந்தது. கேப்டன் ஆனால் சம்பளம் எகிறும், ஆனாலும் வேண்டாம் என்றார்கள். காரணம் ரிசர்வ்.

துணை விமானியாக நல்ல சீனியாரிட்டியில் இருப்பவர் கேப்டன் பட்டியலுக்கு மாறியதும் அதன் கடைசிக்குப் போய்விடுவார். கடைசியில் இருப்பவருக்கு நிலையான பயண அட்டவணை கிடையாது. கூப்பிட்டால் ஓடவேண்டிய ரிசர்வ்தான். அதில் ஷார்ட் கால் வகைக்கு அழைப்பு வந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். கூட்டாட்சி விதிப்படி அப்படித் தயாராக இருக்கும் நேரம் ஒரு தவணைக்கு அதிகபட்சம் 14 மணி. வேறு ஊரில் குடும்பம் வைத்திருப்பவர், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பத்துப் பேர் பங்கு போட்ட அறையில் ஒரு பங்க் கட்டிலை வாடகைக்குப் பிடித்துப் படுத்திருப்பார். இதற்குச் சம்பளப் பட்டியலில் மருந்து இல்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில், 40 சதவீதம் வரை உயர்வும் மாற்றிய வேலை விதிகளுமாக வந்த ஒப்பந்தத்தை அதே விமானிகள் 82 சதவீதம் பேர் ஆதரித்து நிறைவேற்றினார்கள்.

கே: மணிக்கு இவ்வளவு என்கிறார்கள். எந்த மணி? வீட்டைவிட்டுக் கிளம்பியதிலிருந்தா? (மதுரை)

ப: இல்லை. புறப்பட விமானம் நகர்ந்ததிலிருந்து, போய்ச் சேர்ந்து நிற்கும் வரை. பயணிகள் ஏறும் நேரம், இரண்டு விமானங்களுக்கு நடுவே காத்திருக்கும் நேரம் எதற்கும் கூலி கிடையாது. இதனால் ஏற்படும் இழப்பைத் தடுக்கத்தான் 'ரிக்' என்ற குறைந்தபட்சச் சம்பள விதிகள். ஒப்பந்தத்தை வாசிக்கும் பழைய விமானிகள் சம்பளப் பக்கத்துக்கு முன் இந்தப் பக்கத்தைத்தான் புரட்டுவார்கள்.

ஓர் உதாரணம். 4 நாள் பயணம். உண்மையில் பறந்தது 17 மணி. வீட்டு விமான நிலையத்தைவிட்டு விலகியிருந்த மொத்த நேரம் 80 மணி. பயண ரிக் 3.5-க்கு 1 (விலகியிருந்த ஒவ்வொரு 3.5 மணிக்கும் 1 மணிச் சம்பளம்) என்றால் 80-ஐ 3.5-ஆல் வகுக்க 22 மணி 51 நிமிடம். குறைந்தபட்ச நாள் கணக்கு, அதாவது ஒரு நாளுக்கு இவ்வளவாவது தர வேண்டும் என்பது, 5 மணி 15 நிமிடம் என்றால் 4 நாளுக்கு 21 மணி. மூன்றில் எது அதிகமோ அதற்குத்தான் சம்பளம். ஆக 17 மணி பறந்தவருக்கு 22:51. பயண ரிக்கை 3.5-லிருந்து 4-க்கு மாற்றினால் அது 20 மணியாகிவிடும். அப்போது குறைந்தபட்ச நாள் கணக்கான 21 மணியே நிற்கும். பேச்சுவார்த்தையில் ஓர் அரை எண் அசைந்ததற்கு ஒரே பயணத்தில் 1 மணி 51 நிமிடச் சம்பளம் போயிற்று. நாலு பேர் டீக்கடையில் சதவீதத்தைப் பற்றிச் சண்டை போடும்போது யாரும் இதைப் பேசமாட்டார்கள்.

கே: 'ஸ்கோப்' என்பது என்ன? சம்பளத்துக்கு அதனோடு என்ன சம்பந்தம்? (யாழ்ப்பாணம்)

ப: எந்த வேலையைப் பெரிய நிறுவனத்தின் விமானிகளே செய்ய வேண்டும், எதைக் குறைந்த சம்பளம் தரும் பிராந்திய நிறுவனங்களுக்குக் கொடுக்கலாம் என்ற எல்லைக்கோடு. பெரிய அமெரிக்க நிறுவனங்களில் கோடு 76 இருக்கை, 86,000 பவுண்டு அதிகபட்சப் புறப்பாட்டு எடை. எம்ப்ரேயர் நிறுவனம் செய்த ஈ175-ஈ2 விமானம் இந்த எடையைத் தாண்டுவதால் அமெரிக்கப் பிராந்திய நிறுவனங்கள் அதை வாங்க முடியவில்லை. பழைய ஈ175-ஐயே வாங்குகின்றன. இந்த எண்ணை ஒரு முறை தளர்த்தினால் திரும்ப இறுக்குவது மகா கஷ்டம். சம்பளத்தை அடுத்த பேச்சில் கேட்டு வாங்கலாம், போன வேலையை வாங்க முடியாது. ஸ்கோப்பில் கைவைத்த ஒப்பந்தம் எவ்வளவு சம்பளம் காட்டினாலும் நிராகரிக்க வேண்டியதே என்பது எங்கள் அபிப்பிராயம்.

கே: பிடிக்காவிட்டால் 'இல்லை' என்று ஓட்டுப் போட்டு நல்ல ஒப்பந்தத்துக்குக் காத்திருப்பதில் என்ன நஷ்டம்? (சென்னை)

ப: நஷ்டம் உண்டு, கணக்கும் சுலபம். மணிக்கு 300 டாலர், மாதம் 85 மணி என்று வைப்போம். ஆண்டுக்கு 3,06,000. கையில் இருப்பது 18 சதவீதம். நிராகரித்தால் ஓராண்டு கழித்து 22 கிடைக்கும், முன்தேதியிட்ட பாக்கி கிடையாது. அந்த ஓராண்டில் இழப்பது 55,080. கூடுதலாகக் கிடைக்கும் 4 சதவீதம் ஆண்டுக்கு 12,240. இழந்ததை எடுக்க நாலரை ஆண்டு ஆகும். ஓராண்டுக்கான 22 சதவீதத்தில் பாதியைப் பாக்கியாகத் தந்தால் 33,660 திரும்பிவிடும். மீதியை எடுக்க ஒன்றே முக்கால் ஆண்டு போதும். ஆகவே முதலில் கேட்க வேண்டியது 'பாக்கி உண்டா, எந்தத் தேதியிலிருந்து' என்பதுதான்.

வயதும் உண்டு. அமெரிக்காவில் 65-இல் காக்பிட்டைவிட்டு இறங்கியே தீரவேண்டும். 64 வயதுக்காரருக்கு இன்றைய 18-தான் எல்லாமே. 35 வயதுக்காரருக்கு அப்படியல்ல. ஒரே சங்கத்துக்குள் இவ்வளவு வாக்குவாதம் வருவதற்கு இதுவும் காரணம்.

காத்திருந்து லாபம் பார்த்ததும் உண்டு. 2023 ஜூலையில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் வாக்களிக்க இருந்த வேளையில் யுனைடெட்டின் உத்தேச ஒப்பந்தம் வெளியானது. உடனே அமெரிக்கன் நிர்வாகம் தான் தரவிருந்த ஒப்பந்தத்தில் 100 கோடி டாலருக்கு மேல் சேர்த்தது. ஆகஸ்டில் 72.7 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். அது நேரம் கூடிவந்த அதிர்ஷ்டம். அதை நம்பி ஓட்டுப் போடக்கூடாது.

கே: 2022-ல் டெல்டா விமானிகளில் 99 சதவீதம் பேர் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவு என்றார்கள். ஒரு விமானம்கூட நிற்கவில்லையே? (தஞ்சாவூர்)

ப: நிற்காது. 1926-ல் ரயில்வேக்காக வந்து 1936-ல் விமானத்துறைக்கும் நீட்டிக்கப்பட்ட ரயில்வே தொழிலாளர் சட்டத்தில் ஒப்பந்தம் காலாவதியே ஆகாது. திருத்தத் தேதி வரும், பழையது அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். நேரடிப் பேச்சு தோற்றால் தேசிய சமரச வாரியம் நடுவில் வரும். எவ்வளவு நாள் வைத்திருக்கலாம் என்று அதற்கு வரம்பு இல்லை. வாரியம் கைவிட்டு, நடுவர் தீர்ப்புக்கு விடலாம் என்ற அதன் யோசனையையும் ஒரு தரப்பு மறுத்தால் 30 நாள் ஆறப்போடும் காலம். அதற்குப் பிறகும் ஜனாதிபதி அவசர வாரியம் அமைத்து நிறுத்தலாம். 1997 பிப்ரவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் வேலைநிறுத்தம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே கிளிண்டன் அப்படித்தான் நிறுத்தினார். 2010-ல் ஸ்பிரிட் ஏர்லைன்ஸ் விமானிகள் நிஜமாகவே நிறுத்தினார்கள், 5 நாள். 99 சதவீதம் என்பது மேசையில் வைக்கும் அழுத்தம்.

கே: பிடிக்காவிட்டால் வேறு கம்பெனிக்குப் போய்விடலாமே? (பெங்களூரு)

ப: இந்தியாவில் நோட்டீஸ் காலம் முடிந்தபின் கேப்டன் கேப்டனாகவே வேறிடம் சேரலாம். அமெரிக்காவில் மாறினால் சீனியாரிட்டி பட்டியலின் கடைசி ஆள், முதலாண்டுச் சம்பளம். அதனால்தான் அங்கே கிளம்புவதற்குப் பதில் ஓட்டுச்சீட்டோடு சண்டை போடுகிறார்கள்.

கே: எல்லா விமானிக்கும் ஓட்டு உண்டா? (ஈரோடு)

ப: சங்க உறுப்பினருக்கு மட்டும். சேராமல் சேவைக் கட்டணம் மட்டும் கட்டுகிறவரையும் ஒப்பந்தம் கட்டுப்படுத்தும், ஆனால் அவர் ஓட்டுப் போட முடியாது.