விசுவாசத்தில் பாக்கி வைக்காதீர்கள்: லேஆஃப் (ஆட்குறைப்பு) பற்றிய கேள்வி பதில்

கேள்வி: பத்து வருடமாக ஒரே கம்பெனி சார். ரேட்டிங் எப்போதும் நல்லது. கம்பெனியும் லாபத்தில் இருக்கிறது. என்னையும் தூக்குவார்களா?

தூக்கலாம். 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரையும், 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரையும், மைக்ரோசாஃப்ட் 10,000 பேரையும் குறைப்பதாக அறிவித்தன. மூன்றுமே லாபம் பார்த்துக்கொண்டிருந்த கம்பெனிகள்.

பெரும்பாலும் மேலிடம் முதலில் குறைக்க வேண்டிய தொகையைத்தான் முடிவு செய்கிறது. அது பிரிவுகளுக்குப் பங்கு பிரிக்கப்படும். ஒரு ப்ராடக்டை மூடினால் அங்கே ரேட்டிங் பார்க்க நேரமே இருக்காது, டீம் முழுதும் போகும். பல சமயம் நேரடி மேனேஜருக்கே அன்று காலைதான் தெரியும். அதனால் ரேட்டிங்கை விட, உங்கள் பிராஜெக்ட்டுக்கு யார் பணம் தருகிறார்கள், அந்த ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று தெரிந்து வைத்திருங்கள்.

கேள்வி: அந்தக் காலத்தில் மட்டும் எப்படி விசுவாசம் இருந்தது?

அதற்குக் கணக்கு இருந்தது. பல பத்தாண்டுகள் லேஆஃப் செய்வதில்லை என்ற வழக்கத்தோடு இருந்த ஐபிஎம், 1990களின் தொடக்கத்தில் அதைக் கைவிட்டது. அன்றைய பென்ஷன், வேலை செய்த வருடங்களையும் கடைசிக் காலச் சம்பளத்தையும் வைத்துக் கணக்கிடப்பட்டது. நடுவில் போனால் நஷ்டம், இருந்தால் லாபம். இன்று பெரும்பாலான டெக் கம்பெனிகள் ஊழியர்களுக்குப் பங்கு தரும் திட்டம் நான்கு வருடத்துக்கானது. அவர்களுடைய வாக்குறுதியின் ஆயுளும் ஏறக்குறைய அவ்வளவுதான். உங்கள் பக்கமும் அதே அளவில் திட்டமிடுவதில் துரோகம் எதுவும் இல்லை.

கேள்வி: "அடுத்த அப்ரைசலில் ப்ரமோஷன்" என்கிறார் மேனேஜர். அதை நம்பி சனி, ஞாயிறும் உழைக்கிறேன். சரியா?

இன்றைய உழைப்புக்கு நாளைய வாக்குறுதியைச் சம்பளமாக வாங்குகிறீர்கள். நான் கண்டவரை விசுவாசம் கசந்துபோவது இங்கேதான். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அடுத்த அப்ரைசலுக்கு முன் அவருடைய வேலையே போகலாம், அல்லது டீம் மாற்றி அமைக்கப்படலாம். பேசிய அன்றே ஒரு மெயில் போடுங்கள்: "இந்த மூன்று விஷயங்களை முடித்தால், இந்த மாதம் ப்ரமோஷனுக்குப் பரிந்துரை. சரிதானே?" பதில் வராவிட்டால் அதுவே பதில். கூடுதல் உழைப்புக்கு இரண்டு காலாண்டு என்று எல்லை வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

கேள்வி: 4,800 ஆர்எஸ்யூ தந்தார்கள். 22 மாதம் ஆகிறது. இப்போது வேலை போனால் என்ன கிடைக்கும்?

ஆர்எஸ்யூ என்பது தவணை தவணையாக உங்கள் பெயருக்கு வரும் கம்பெனிப் பங்கு. நான்கு வருட வெஸ்டிங் (முழுதும் உங்களுடையதாக ஆகும் காலம்), ஒரு வருட கிளிஃப் (அதற்கு முன் எதுவும் கிடைக்காது), அதன்பின் காலாண்டுக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்வோம். 12-ஆம் மாதம் 1,200. பிறகு 15, 18, 21-ஆம் மாதங்களில் 300 வீதம் 900. ஆக 2,100 உங்களுடையது, மீதி 2,700 பொதுவாகக் கம்பெனிக்கே திரும்பும். 24-ஆம் மாதத் தவணைக்கு ஒரு நாள் முன்பு வேலை முடிந்தாலும் அந்த 300 கிடைக்காது. கடைசி நாளை இரண்டு வாரம் தள்ளிக் கேட்பது இதற்காகத்தான். சில சமயம் ஒத்துக்கொள்வார்கள்.

ஆர்எஸ்யூ இல்லாமல் ஆப்ஷன் (முன்பே குறித்த விலையில் பங்கு வாங்கும் உரிமை) என்றால் இன்னும் கவனம் வேண்டும். வேலை முடிந்த பின் எக்சர்சைஸ் செய்ய, அதாவது அந்த விலை கொடுத்துப் பங்கை வாங்க, பல கம்பெனிகள் தரும் அவகாசம் 90 நாள்தான். பங்குச்சந்தைக்கு வராத ஸ்டார்ட்அப் என்றால், விற்க முடியாத பங்குக்குக் கையிலிருந்து பணம் போட வேண்டும், பல இடங்களில் வரியும் கட்ட வேண்டும். பங்கோ ஆப்ஷனோ தந்தபோது போட்ட கிராண்ட் ஒப்பந்தத்தின் பிரதி உங்களிடம் இருக்கட்டும். லாகின் போன பிறகு தேடினால் கிடைக்காது.

கேள்வி: செவரன்ஸ் (வேலையை விட்டு அனுப்பும்போது தரும் தொகை) தாளை நீட்டி உடனே கையெழுத்துக் கேட்டால்?

அன்றே போடாதீர்கள். வேலை முடியும் தேதி, எடுக்காத லீவுக்கான பணம், மருத்துவக் காப்பீடு எந்த நாள் வரை, எந்த உரிமைகளை விட்டுக்கொடுக்கிறீர்கள், அடுத்த வேலைக்குத் தடை விதிக்கும் நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். "நீங்களே ராஜினாமா செய்துவிடுங்கள், அதுதான் கௌரவம்" என்றால் உடனே எழுதிக் கொடுக்காதீர்கள். செவரன்ஸும் வேலையிழப்பு உதவித்தொகையும் அந்த ஒரு வரியில் போய்விடக்கூடும்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 40 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களைக் குழுவாக நீக்கும்போது, வயதுப் பாகுபாடு குறித்த வழக்குரிமையை விட்டுக்கொடுக்கச் சொன்னால், யோசிக்க 45 நாளும், கையெழுத்திட்ட பின் மனம் மாற 7 நாளும் தந்தாக வேண்டும்.

கேள்வி: நான் மேனேஜர். டீமில் பாதிப்பேர் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பவர்களிடம் என்ன சொல்வது?

"இனி லேஆஃப் இல்லை" என்று சொல்லாதீர்கள், அது உங்கள் கையில் இல்லை. முதல் அறிவிப்புக்கு நான்கே மாதத்தில் மெட்டா இன்னொரு 10,000 பேரைக் குறைப்பதாகச் சொன்னது. எந்தெந்த வேலையைக் கைவிடுகிறோம் என்று பட்டியல் போட்டுச் சொல்லுங்கள். பத்துப் பேர் வேலையை ஐந்து பேர் தலையில் கட்டினால், ஆறு மாதத்தில் அந்த ஐந்தில் திறமையானவர்கள் முதலில் கிளம்புவார்கள். போனவர்களுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுங்கள். இருப்பவர்கள் அதைக் கவனிக்கிறார்கள்.

கேள்வி: நல்ல ஆஃபர் வந்திருக்கிறது. பிராஜெக்ட் நடுவில் போனால் துரோகமா அண்ணா?

இல்லை. கையெழுத்தான ஆஃபர் லெட்டர் கைக்கு வந்தபின் நோட்டீஸ் கொடுங்கள், நோட்டீஸ் காலம் முழுதும் ஒழுங்காக வேலை செய்யுங்கள். நீங்கள் கடன்பட்டிருப்பது கூட வேலை செய்பவர்களுக்கு. அவர்கள் நடுராத்திரியில் தவிக்கக் கூடாது. ஒப்படைப்புக் குறிப்பில், உங்கள் சொந்த அக்கவுண்டில் ஓடும் தானியங்கி வேலைகள் எவை, எந்த இணையப் பாதுகாப்புச் சான்றிதழ் எந்தத் தேதியில் காலாவதி ஆகிறது, டெப்ளாய்மென்ட் (புது மென்பொருளைப் பயன்பாட்டுக்கு ஏற்றுவது) பாதியில் நின்றால் எப்படிப் பழைய நிலைக்குத் திரும்புவது என்று எழுதுங்கள். கடைசி வாரத்துக்கு முந்தைய வாரமே, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, இன்னொருவர் அந்தக் குறிப்பை மட்டும் பார்த்து ஒரு ரிலீஸ் செய்யட்டும். எங்கே தடுமாறுகிறாரோ அந்த இடத்தைத் திருத்தி எழுதுங்கள்.