மாட்ஸு அம்மனும் தைவான் அரசியலும்: கேள்வி பதில்

தைவானின் தைச்சுங் நகரில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். இங்கே தாஜியா என்ற ஊரிலிருந்து புறப்படும் மாட்ஸு ஊர்வலத்தில் மூன்று முறை நடந்திருக்கிறேன். ஒரு வேண்டுகோள்: மாட்ஸுவை 'மாசு' என்று எழுதாதீர்கள். தமிழில் அது அழுக்கு. கோடிக்கணக்கானோர் கும்பிடும் தெய்வத்தின் பெயர் அப்படி வரக்கூடாது.

மதுரை: யார் இந்த மாட்ஸு?

சீனாவின் ஃபுஜியன் கடலோரம், மெய்ஜோ தீவில் 960-ல் பிறந்த லின் மோ என்ற பெண் என்பது ஐதீகம். பிறந்தபோது அழவே இல்லையாம். 'மோ' என்றால் பேசாதவள். 987-ல் விண்ணேறிவிட்டாள் என்கிறார்கள். கடலுக்குப் போகிறவர்களுக்குக் காவல் தெய்வம்.

கோயம்புத்தூர்: கடல் தெய்வத்துக்குள் அரசியல் எப்படி நுழைந்தது?

நல்ல கேள்வி. நுழைந்து ஆயிரம் வருடம் ஆகப்போகிறது. சீனப் பேரரசர்கள் சாமிகளுக்கும் பட்டம் கொடுத்தார்கள், பதவி உயர்வு கொடுத்தார்கள். 1683-ல் சீனாவின் சிங் வம்ச அரசின் தளபதி ஷி லாங் தைவானைப் பிடித்தபோது, வெற்றி மாட்ஸுவின் அருள் என்றார்.

இன்றைய அரசியல் புரிய வேண்டுமென்றால் நம்மூர்ப் பிடிமண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். குலதெய்வக் கோயிலில் ஒரு பிடி மண் எடுத்து வந்து புது ஊரில் கோயில் கட்டுகிறோம் இல்லையா? அங்கே மண்ணுக்குப் பதில் ஊதுபத்திச் சாம்பல். தாய்க்கோயிலின் தூபக் கலசத்திலிருந்து அள்ளி வந்து புதுக் கலசத்தில் சேர்ப்பார்கள். பிறகு அவ்வப்போது தாய்வீடு போய்ச் சாம்பலைப் புதுப்பித்து வர வேண்டும். எல்லாக் கோயிலுக்கும் மூலம் மெய்ஜோ. அது இருப்பதோ, தைவானைத் தன்னுடையது என்று சொல்லும் சீன மக்கள் குடியரசில்.

1987-ல், தெய்வம் விண்ணேறிய ஆயிரமாவது ஆண்டில், தாஜியாவின் ஜென்லான் கோயில்காரர்கள் ஜப்பான் வழியாகச் சுற்றி மெய்ஜோ போனார்கள். சீனா போகத் தைவான் அரசு அப்போது அனுமதித்திருக்கவில்லை. திரும்பி வந்ததும், "நாங்கள் மூலத்துக்கே போய்விட்டோம், இனி தைவானில் இருக்கும் பெய்காங் கோயிலின் மகள் கோயில் இல்லை" என்றார்கள். அதுவரை பெய்காங் போய்க்கொண்டிருந்த தாஜியா ஊர்வலம், மறு வருடமே ஷின்காங் என்ற வேறு ஊர்க் கோயில் பக்கம் திரும்பியது. முதல் மரியாதைச் சண்டை பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உள்ளூர்க் கௌரவம்தான் இவர்களைக் கடல் தாண்ட வைத்தது, பெய்ஜிங் மேல் இருந்த பாசம் அல்ல.

சேலம்: கம்யூனிஸ்ட் ஆட்சியில் சாமி கும்பிட விடுகிறார்களா?

அரசு ஏற்ற மதங்கள் ஐந்து: பௌத்தம், தாவோயிசம், இஸ்லாம், கத்தோலிக்கம், புராட்டஸ்டன்ட். மாட்ஸு வழிபாடு இதில் தனியாக இல்லை. கலாச்சாரப் புரட்சியில் மெய்ஜோ கோயிலை இடித்தார்கள். பிறகு ஊர்ப் பெண்கள் முன்நின்று திரும்பக் கட்டினார்கள். தைவான் பணமும் வந்தது. இப்போது அரசு வைத்திருக்கும் பெயர் 'மாட்ஸு பண்பாடு'. 2009-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. மதம் என்றால் சந்தேகம், பண்பாடு என்றால் ஆதரவு.

திருச்சி: அப்படியானால் மாட்ஸு பக்தர்கள் சீனா பக்கம்தானே?

இல்லை. ஊர்வலக் கூட்டத்தை எண்ணி வோட்டைக் கணக்குப் போடாதீர்கள்.

திருச்சி (மறுபடியும்): கோயில் நிர்வாகிகள் பெய்ஜிங் விருந்துக்குப் போகிறார்களே?

போகிறார்கள். அந்த வலையைப் பற்றி எனக்கும் கவலை உண்டு. இலவசப் பயணம், மேடை, பொன்னாடை எல்லாம் உண்மை. ஆனால் நிர்வாகி வேறு, பக்தர் வேறு. என் பக்கத்து வீட்டுப் பாட்டி எழுபது வயதில் பல்லக்குப் பின்னால் நடக்கிறார், மாலையில் சீனாவைத் திட்டுகிறார். அவருக்கு அதில் முரண்பாடே தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. 2016, 2020, 2024 அதிபர் தேர்தல்களில் இதே நாடுதான் பெய்ஜிங்குக்குப் பிடிக்காத ஜனநாயக முற்போக்குக் கட்சியை ஜெயிக்க வைத்தது. அந்தக் கட்சிக்காரர்களும் இதே கோயிலில் ஊதுபத்தி ஏற்றுகிறார்கள்.

சென்னை: பக்தர்கள் எல்லாரும் சீன ஆதரவாளர்களா?

மேலே படியுங்கள்.

தூத்துக்குடி: ஃபாக்ஸ்கான் நிறுவனர் டெரி கோ, மாட்ஸு கனவில் வந்து தேர்தலில் நிற்கச் சொன்னதாகச் சொன்னாரா?

சொன்னார், 2019-ல். எதிர்க்கட்சியான குவோமின்டாங்கின் வேட்பாளர் தேர்விலேயே தோற்றார்.

ஈரோடு: தலாய் லாமாவின் அடுத்த பிறவியை யார் முடிவு செய்வது?

திபெத் என் துறை இல்லை. பௌத்தம் படித்தவர்களைக் கேளுங்கள்.

ஓசூர்: பக்தி இருந்தால் சீன ஆதரவுதானே?

கூட்டத்தை எண்ணி வோட்டைக் கணக்குப் போடாதீர்கள். மூன்றாவது முறை சொல்லிவிட்டேன்.

யாழ்ப்பாணம்: இலங்கையின் காலி நகரில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டுக்கும் மாட்ஸுவுக்கும் தொடர்பு உண்டா?

கல்வெட்டில் அவள் இல்லை. நட்டவரின் வாழ்க்கையில் இருக்கிறாள். நட்டவர் சீனக் கடற்படைத் தளபதி ஜெங் ஹோ, முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். 1409 தேதியிட்ட அந்தக் கல்லில் சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்ற திருமாலுக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாமுக்கும் காணிக்கை சொல்கிறது. அதே மனிதர் 1431-ல் ஃபுஜியனின் சாங்லேயில் நட்ட கல்லில், புயல் நடுவே பாய்மரத்தின் மேல் தெய்வ விளக்கு தோன்றிக் காத்தது என்று இந்த அம்மனுக்கே நன்றி சொல்கிறார். கொழும்பு அருங்காட்சியகத்தில் காலிக் கல்லைப் பார்த்தபோது தமிழ் எழுத்துகள் முன்னால் வெகுநேரம் நின்றேன்.

சிங்கப்பூர்: தெலோக் ஆயர் தெரு தியான் ஹாக் கெங் கோயில் இவளுக்குத்தானா?

ஆமாம். அதே தெருவில் தமிழ் முஸ்லிம்கள் கட்டிய நாகூர் தர்காவும் இருக்கிறது. அப்போது அந்தத் தெருதான் கடற்கரை. கரையேறியவர்கள் அவரவர் காவலுக்கு நன்றி சொன்ன இடம்.

திருநெல்வேலி: ஊர்வலம் பார்க்க வரலாமா?

தாராளமாக. சந்திர நாட்காட்டியின் மூன்றாம் மாதத்தை ஒட்டி, ஒன்பது நாள், எட்டு இரவு, சுமார் 340 கிலோமீட்டர். புறப்படும் நாளை, நம்மூரில் பூக்கட்டிப் பார்ப்பதுபோல், பிறைக் கட்டைகள் இரண்டைப் போட்டுத் தெய்வத்திடமே கேட்பார்கள். வழியில் மக்கள் சாலையில் வரிசையாகக் குப்புறப் படுப்பார்கள். பல்லக்கு மேலாகக் கடந்து போகும். நீங்களும் படுக்கலாம். முதுகுப்பையைக் கழற்றிவிடுங்கள், தலையைத் தூக்காதீர்கள்.