மிஷனெரிப் பணியில் மன்றாட்டு ஜெபம்: கேள்வி பதில்

தருமபுரியில் முப்பது ஆண்டுகளாக, பிறருக்காக ஜெபிக்கும் மன்றாட்டுக் குழு ஒன்றை நடத்திவருபவன் என்ற முறையில், வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

பாலக்கோடு சகோதரி: பணித்தளத்துக்கே போகாத நான், அடுப்படியில் நின்று ஜெபிப்பதால் மிஷனெரியின் பங்காளி ஆகிவிடுவேனா, ஐயா?

ஆவீர்கள், சகோதரி. அப்போஸ்தலராகிய பவுல், ரோமாபுரிச் சபைக்கு நிருபம் எழுதும்வரை அங்கே போனதே இல்லை. ஆயினும் தமக்காக ஜெபிப்பதில் தம்மோடுகூடப் போராடும்படி அவர்களை வேண்டிக்கொண்டார் (ரோமர் 15:30). போராட்டம் என்று அவர் சொன்னதை நாம் ஓய்வுநேர வேலையாக எண்ணலாகாது. 1908-இல் சீனாவுக்குப் போன மிஷனெரி ஜேம்ஸ் ஃபிரேசர், யுன்னான் மலைகளில் லீசு என்ற மலைவாழ் மக்களிடையே உழைத்தபோது, இங்கிலாந்தில் இருந்த தம் தாயாரைக் கொண்டு சிறு ஜெபக்குழு ஒன்றைக் கூட்டினார். மலையில் நடந்தவற்றைத் தோல்விகளையும் மறைக்காமல் அவர்களுக்கு எழுதிவந்தார். நெடுநாள் பலன் குறைவாயிருந்த அம்மலைகளில் பின்பு நூற்றுக்கணக்கான லீசுக் குடும்பங்கள் கிறிஸ்துவிடம் வந்தன.

பென்னாகரம் சகோதரர்: "மிஷனெரிகளை ஆசீர்வதியும்" என்றதும் என் ஜெபம் முடிந்துவிடுகிறது.

செய்தி கையில் இல்லாததே காரணம். எங்கள் குழுவின் கோடு போட்ட நோட்டில் இடப்பக்கம் தேதியோடு ஜெபக்குறிப்பு எழுதி, வலப்பக்கத்தைப் பதிலுக்காக விட்டுவைப்போம். ஒருமுறை "ஊழியரின் குழந்தைக்கு மலேரியா, ஆற்றில் வெள்ளம், ஆஸ்பத்திரி அக்கரையில்" என்று குறிப்பு வந்தது. அன்றிரவு ஒருவரும் முழங்காலிலிருந்து எழவில்லை. பதினொரு நாள் கழித்து வலப்பக்கத்தில் "சுகம், தண்ணீர் வடிந்தது" என்று எழுதினோம். பொத்தாம்பொதுவாக ஜெபிக்காதீர்கள்.

ஓசூர் சகோதரர்: "ஜெபிக்கிறோம்" என்று சொல்லியே காணிக்கையிலிருந்து பலர் தப்பிக்கிறார்களே?

ஊத்தங்கரை சகோதரி: கூலி வேலைக்குப் போகும் எங்களிடம் ஜெபத்தைத் தவிர வேறென்ன இருக்கிறது? அதைத் தப்பித்தல் என்பதா?

ஓசூர்க்காரரின் வருத்தம் நியாயமானது. ஆனால் அது வசதியுள்ளவர்களைப் பற்றியது, உங்களைத் தொடாது, சகோதரி. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் ஊரில் மொராவியர் என்ற சபையார் 1727-இல் இரவும் பகலும் முறைவைத்து ஜெபிக்கத் தொடங்கினார்கள். ஐந்தே ஆண்டில், 1732-இல், அதே சபையிலிருந்து குயவர் ஒருவரும் தச்சர் ஒருவரும் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் புறப்பட்டார்கள். உண்மையாய் மன்றாடும் சபையில் போகிறவரும் எழும்புவார், கொடுக்கிறவரும் எழும்புவார். யாரும் எழும்பாத சபை தன் ஜெபத்தைச் சோதித்துப் பார்க்கட்டும்.

அரூர் சகோதரர்: நாள்தோறும் எத்தனை மணி நேரம் ஜெபிக்கவேண்டும்?

இது நான்காம் முறையாக வரும் கேள்வி. மணிக்கணக்கை விடுங்கள், ஜெபக்குறிப்பைக் கேட்டு வாங்குங்கள்.

காரிமங்கலம் சகோதரி: ஜெபித்தும் கேட்டபடி நடக்காவிட்டால்?

யூதேயாவிலுள்ள அவிசுவாசிகளுக்குத் தப்புவிக்கப்படவும், சந்தோஷத்தோடே ரோமாவுக்கு வரவும் ஜெபிக்கும்படி பவுல் கேட்டார். ரோமாவுக்கு வந்தார், விலங்கோடு. அங்கே இரண்டு வருடம் தடையின்றிப் பிரசங்கித்தார். வலப்பக்கத்தை அவசரப்பட்டு நிரப்பவேண்டாம்.

கிருஷ்ணகிரி சகோதரர்: ஊழியரின் பெயரையும் ஊரையும் வாட்ஸ்அப்பில் பகிரலாமா?

கூடவே கூடாது. எத்தனை முறை சொன்னாலும் மறுபடி படத்தோடு அனுப்புகிறார்கள். அது யார் கைக்குப் போகும் என்று தெரியாது. "மலைக்கிராமத்தில் ஓர் ஆசிரியை, ஏழாம் மாதம், இரத்தசோகை" என்பது ஜெபிக்கப் போதும்.