காய்ச்சாத கஷாயம்

அன்புள்ள ஐயா,

அம்மாவுக்கு மூட்டுவலி. சீன வைத்தியம் பார்க்கும் ஒருவரிடம் இரண்டு மாதமாக அக்குபங்சர் ஊசி போட்டுக்கொள்கிறார். வலி குறைந்திருக்கிறது என்கிறார். இப்போது அந்த வைத்தியர் ஒரு மூலிகைப் பொடியைக் கொடுத்து, சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். வரும் திங்கட்கிழமை தொடங்கப்போகிறாராம். நான் தடுத்தால், "சீன வைத்தியத்துக்கு நோபல் பரிசே கொடுத்திருக்காங்க, உனக்குத் தெரியாதா?" என்று கேட்கிறார். என்ன சொல்வது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில், சர்க்கரை மாத்திரையை அம்மா நிறுத்தக் கூடாது. அதை இன்றே சொல்லிவிடுங்கள். நோபல் கதையைப் பிறகு பேசலாம்.

2015இல் அந்தப் பரிசைப் பெற்றவர் தூ யூயூ என்ற சீன விஞ்ஞானி. வியட்நாம் போரில் மலேரியா வீரர்களைக் கொன்றுகொண்டிருந்தது, வழக்கமான மருந்தான குளோரோகுயினுக்கு நோய் கேட்கவில்லை. 1967 மே 23 அன்று சீனாவில் ஒரு ரகசியத் திட்டம் தொடங்கியது. தேதியை வைத்தே அதற்கு 523 என்று பெயர். அதில் சேர்ந்த தூ, பழைய மருத்துவ நூல்களை அலசினார். சிங்ஹாவ் என்ற செடி (நம் மாசிபத்திரியின் இனம்) ஒருமுறை பலன் தந்தது, மறுமுறை தரவில்லை. திரும்பவும் நூல்களைப் புரட்டினார். நான்காம் நூற்றாண்டில் கே ஹோங் எழுதிய அவசர சிகிச்சைக் கையேட்டில் ஒரு குறிப்பு: ஒரு பிடி சிங்ஹாவை நீரில் ஊறவைத்துப் பிழிந்து, சாறு முழுவதையும் குடிக்க வேண்டும். மூலிகை என்றால் காய்ச்சுவதுதான் வழக்கம். இங்கே அடுப்பே இல்லை. சூட்டில்தான் மருந்து கெடுகிறதோ என்று அவருக்குப் பொறி தட்டியது. 35 டிகிரியிலேயே கொதித்துவிடும் ஈதர் என்ற திரவத்தில் சாற்றை இறக்கினார். 1971 அக்டோபரில், 191ஆம் எண் சாறு எலிகளின் மலேரியாவை அடியோடு அழித்தது. மறு ஆண்டு, நோயாளிகளுக்குக் கொடுக்கும் முன் தானே விழுங்கிப் பார்த்தார். ஆர்ட்டெமிசினின் என்ற மலேரியா மருந்து கிடைத்தது இப்படித்தான்.

ஒரு பழைய வரிக்கு இதைவிட மரியாதை செய்ய முடியுமா? நம்பிப் படித்தார், ஆனால் சோதிக்காமல் யாருக்கும் கொடுக்கவில்லை. உங்கள் வைத்தியர் கொடுத்த பொடிக்கு அந்தச் சோதனை நடந்திருக்கிறதா?

நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு பெல்ஜியம் சாட்சி. 1990களின் தொடக்கத்தில் அங்கே உடல் இளைக்கக் கொடுத்த மாத்திரையில், 'ஃபாங்ஜி' என்ற பெயர்க் குழப்பத்தால் ஒரு வேருக்குப் பதில் வேறொன்று சேர்ந்துவிட்டது. ஏறக்குறைய நூறு பெண்களின் சிறுநீரகம் பழுதானது. சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் வந்தது. அந்த வேரிலிருந்த அரிஸ்டோலோகிக் அமிலம் நம் ஆடுதின்னாப்பாளையிலும் உண்டு. மூலிகை என்பதால் மட்டும் எதுவும் சாதுவாகிவிடாது. மூட்டுவலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும் பலமுறை பிடிபட்டிருக்கிறது. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிடும்.

ஊசியை நான் குறை சொல்லமாட்டேன். ஜெர்மனியில் 1162 முதுகுவலிக்காரர்களிடம் செய்து 2007இல் வெளியான ஆய்வில், அக்குபங்சர் போட்டுக்கொண்டவர்களில் 47.6 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. வழக்கமான சிகிச்சையில் 27.4தான். ஆனால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, வேண்டுமென்றே சரியான புள்ளியை விட்டு மேலாகக் குத்தப்பட்டவர்களிலும் 44.2 சதவீதம் பேர் தேறினார்கள்! ஆகவே அம்மாவின் வலி குறைந்தது உண்மை. சீன நூல்கள் சொல்லும் நாடிகளும் புள்ளிகளும்தான் அதற்குக் காரணம் என்பது எனக்கு ஐயமாக இருக்கிறது.

அவருக்கு இதமாக இருந்தால் ஊசி தொடரட்டும், ஒவ்வொரு முறையும் புது ஊசியை உறை பிரித்துப் போடுகிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமைக்குள் நீங்களும் அம்மாவுடன் போய், பொடியில் உள்ள ஒவ்வொரு செடியின் பெயரையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். தர மறுத்தால் பொடி வீட்டுக்குள் வர வேண்டாம்.