1972 கார்வெட்டா, 1978 ஃபெராரி 308-ஆ?

இந்த இரண்டு பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் உங்களைக் குழப்பிய எண். 1971-இல் 270 குதிரைத்திறன் என்றிருந்த கார்வெட்டின் அடிப்படை 5.7 லிட்டர் எஞ்சின் 1972-இல் 200 ஆனதைப் பார்த்து, எஞ்சினையே பலவீனமாக்கிவிட்டார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, பெரும்பாலும் அளக்கும் முறைதான் மாறியது. முன்பு சைலன்சர், ஏர் ஃபில்டர் எல்லாம் கழற்றிவிட்டு அளந்தார்கள். 1972 முதல் காரில் இருப்பதுபோலவே பொருத்தி அளந்தார்கள்.

நீங்களே ரிப்பேர் பார்ப்பேன் என்கிறீர்கள். அப்படியென்றால் என் ஓட்டு கார்வெட்டுக்கே. வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் ஒன்றே ஒன்று, அதைச் சுழற்ற ஒரு டைமிங் செயின், எங்கும் கிடைக்கும் பாகங்கள். 308-இல் நான்கு கேம்ஷாஃப்ட், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் வெபர் கார்புரேட்டர் நான்கு, செயினுக்குப் பதில் இரண்டு ரப்பர் டைமிங் பெல்ட். ஓட்டாமல் நிறுத்திவைத்தாலும் பெல்ட் கெடும். அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடிக்கும். அப்புறம் பர்ஸைக் கேட்கவே வேண்டாம். குளிர்ந்திருக்கும்போது இரண்டாவது கியர் முரண்டு பிடித்தால் மட்டும் பயப்படாதீர்கள், அது அதன் பிறவிக்குணம்.

கார்வெட்டுக்கு வெளியே ஃபைபர்கிளாஸ் என்பதால் துரு இல்லை என்று நம்பிவிடாதீர்கள். உள்ளே இரும்புச் சட்டம் இருக்கிறது. முன்கண்ணாடியின் கீழ்மூலைகளில் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே துரு தின்றிருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

ஆனால் ஒன்று, வாங்குவதற்கு முன் 308-ஐ ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடாதீர்கள். முதுகுக்குப் பின்னால் அந்த எட்டு சிலிண்டர் வி8 எஞ்சின் நிமிடத்துக்கு 7,000 சுற்றில் பாடுவதைக் கேட்டால் நான் சொன்னதெல்லாம் மறந்துபோகும்.